கரிசலும் செவலும்: இடைசெவல் வட்டாரத்து மண்பெயர்களும் நிலக்காப்பும்

கோவில்பட்டியிலிருந்து தெற்கே திருநெல்வேலி நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்த சிற்றூர் இடைசெவல். தமிழ்ப் புனைகதை வரலாற்றில் இவ்வூர்க்கு நிலைத்த ஓர் இடம் உண்டு, கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர் இது. கரிசல் இலக்கியம் எனத் திறனாய்வாளர் இன்று வழங்கும் வகைக்கு இதனைத் தாயகம் என்பதும் மிகையன்று. ஆயின் அத்தாயகத்தின் பெயரில் கரிசல் இல்லை, செவலே உள்ளது. செவலாவது செம்மண் நிலம். கருமண் பரந்த நாட்டில் செம்மண்ணைப் பெயராகக் கொண்டு ஓர் ஊர் அமைந்தது எற்றுக்கு என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

கரிசல், செவல் என்னும் இரண்டும் நிறம்பற்றி எழுந்த சொற்கள் என்பது வெளிப்படை. எனினும் வழக்கில் அவை நிறத்தை மட்டும் குறித்து நில்லாமல், நிலம் மழைநீரை ஏற்கும் முறையையும், அம்முறைக்கு ஏற்ற உழவையும் குறித்து வந்தன என்பது எம் கருத்து. மண்ணூல் வல்லார் இவ்வேறுபாட்டின் காரணத்தை அணுகுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. இவ்வேறுபாடு மறக்கப்பட்ட இடங்களில் நிலக்காப்பு முயற்சிகள் தவறின. இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவோம்.

ஊர்ப்பெயர் தரும் சான்று

இடைசெவல் என்பதன் முன்மொழி ஐயத்துக்கு இடந்தருவது. இடை என்பதை நடு எனக் கொள்ளின், கரிசலினிடையே கிடந்த செவல் எனப் பொருள்படும். இடையர் குடியோடு இயைத்துப் பொருள் கூறவும் இடமுண்டு. யாம் முன்னதே பொருந்துவதெனக் கருதினும், எம் கருத்து அதனைச் சார்ந்து நிற்பதன்று. பின்மொழியில் ஐயமில்லை. செம்மை என்னும் பண்படியாகப் பிறந்த செவ்வல் என்பதே செவல் என நின்றது. மேலச்செவல், செவல்பட்டி, நெற்கட்டும்செவல் என இப்பெயர் பெற்ற ஊர்கள் தென்பாண்டி நாட்டிற் பலவாகும். நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் ஊர். நெல்லை வரியாகக் கட்ட மறுத்தமையால் நெற்கட்டான்செவல் ஆயிற்று என மக்கள் கூறுவர். அப்பெயரின் முற்பகுதி பற்றிப் பேசுவார் பலர். பிற்பகுதியை நோக்குவார் அரியர். மண்ணைச் சுட்டும் பகுதிகள் பெரும்பாலும் இவ்வாறே கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன.

கரிசல் என்பதும் ஊர்ப்பெயர்களில் இல்லாமற் போகவில்லை. கரிசல்குளம் என்னும் பெயர் தென்மாவட்டங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு வழங்குகின்றது. ஆயினும் கரிசல் பெயரின் முதலாகவும், அதனைத் தொடர்ந்து குளம் போன்ற சொல் ஈறாகவும் வருதலையும், செவலோ பல இடங்களில் தானே ஈறாக நின்று ஊரைக் குறித்தலையும் காண்கின்றோம். இதற்கு ஒரு காரணம் கூறலாம். கரிசல் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் மண். அதன்மேல் எழுப்பிய சுவர் எளிதில் வெடிக்கும். செவலோ அசையாத் தரை. மழை ஓய்ந்த சிறிது நேரத்தில் நடமாடத்தக்க தரையும் ஆகும். ஆதலின் குடியிருப்புக்குச் செம்மண் மேட்டையும், விளைவுக்குக் கரிசற் பள்ளத்தையும் முன்னோர் தேர்ந்தனர் எனக் கருதுதல் தகும். கரிசற் பரப்பின் நடுவே குடியமர்ந்தோர் தாம் அமர்ந்த மேட்டின் பெயரையே ஊர்க்கு இட்டதில் வியப்பில்லை.

இலக்கியத்திற் காணும் மண்

பழந்தமிழ் நூல்கள் நிலத்தை மண்ணால் வகுக்கவில்லை. தொல்காப்பியர் காடும் மலையும் புனலும் மணலும் முதலாகக் கொண்டு பகுத்தார். ஆயினும் சான்றோர் மண்ணியல்பை அறியாதவர் அல்லர். செம்மண்ணிற் பெய்த நீர் அம்மண்ணொடு ஒன்றாதலை உவமித்த புலவர், இயற்பெயர் மறைந்து, அவ்வுவமையாலேயே செம்புலப்பெயனீரார் எனப் பெயர் பெற்றமை யாவரும் அறிந்தது. இவ்வுவமையைக் கரிசலில் வைத்துக் கூறுதல் இயலாது. கரிசலில் முதல் மழை வெடிப்பினுள் இறங்கும். வெடிப்பு மூடியபின் பெய்யும் நீர் மேலே நிற்கும், அல்லது ஓடும். அவ்வுவமை செம்புலத்துக்கே உரியது.

வன்புலம், மென்புலம் என்னும் பாகுபாடும் ஈண்டு நினைக்கத்தக்கது. மலையும் காடும் வன்புலம். வயலும் கடற்கரையும் மென்புலம். கரிசலை இவற்றுள் எதனுள் அடக்குவது? கார்த்திகையில் கால் புதையும் சேறாகவும், சித்திரையில் பாளம் பாளமாக வெடித்த கற்பரப்பாகவும் கிடக்கும் இந்நிலம் இரு பகுப்பிலும் முழுமையாக அடங்காது. கரிசலை முல்லையின் திரிபு என்றோ பாலை என்றோ கூறுவார் உளர். அது திணைப்பெயரைக் காக்கும் முயற்சியேயன்றி நிலத்தை விளக்கும் முயற்சி ஆகாது.

கெட்ட நிலத்துக்கும் தமிழில் தொன்மையான சொற்கள் உண்டு. களர் என்பது திருக்குறளில் கல்லாதவர்க்கு உவமையாக வந்தது. பயவாமையே அவ்வுவமையின் பொதுத்தன்மை. சோழர் காலத்துச் செப்பேடுகளில் நிலத்தை விளக்கும் தொடர்களில் களரும் உவரும் இணைந்து வரும். எனினும் அச்செப்பேடுகளும் கல்வெட்டுகளும் பெரும்பாலும் ஆற்றுப்பாய்ச்சலுடைய ஊர்களைப் பற்றியன. மானாவாரி நிலத்தின் சொற்களை அறிய உழவர் வழக்கையே நாடவேண்டும்.

மண் தோன்றிய வரலாறு பற்றிய வழக்கு

கரிசலை மேனாட்டார் 'ரேகூர்' என்றனர். அது தெலுங்கில் கருமண்ணைக் குறிக்கும் ரேகடி என்னும் சொல்லின் திரிபு. கரிசல் நாட்டில் தெலுங்கு பேசும் உழுகுடிகள் விசயநகரர் காலந்தொட்டுக் குடியேறி வாழ்தலும், அக்குடியேற்றமே கோபல்ல கிராமம் என்னும் நாவலுக்குப் பொருளாயினமையும் அறிந்தார்க்கு, உலக மண்ணூலில் இடம்பெற்ற இச்சொல் அயலதாகத் தோன்றாது.

இம்மண் எவ்வாறு பிறந்தது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரு வழக்குகளுள் ஒன்று. 1840களில் எழுதிய நியூபோல்டு, இது நீரிற் படிந்த படிவு எனக் கருதினார். தக்காணத்தை நேரிற் கண்டோர், அங்குள்ள எரிமலைக் கருங்கல் சிதைந்து இம்மண் ஆயிற்று என்றனர். பண்டைக் காடுகள் மக்கியமையால் கருமை பெற்றது என்பாரும் இருந்தனர். திருநெல்வேலிச் சீமையை வைத்து நோக்குங்கால் இரண்டாவது கருத்துக்கு இடர் உண்டாகின்றது. தக்காணத்து எரிமலைப் பாறை இங்கு இல்லை. பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு பழைய கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட்டு புரூசு பூட்டு, மதுரை திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை ஆராய்ந்து 1883இல் நூல் வெளியிட்டார். இந்நாட்டின் அடித்தளம் நைசு என்னும் பழம்பாறையே. அப்பாறையின்மேல் செவலும் உண்டு, கரிசலும் உண்டு. தாய்ப்பாறை ஒன்றாக, மண் இரண்டானது எவ்வாறு?

அதே 1883ஆம் ஆண்டிற்றான் உருசிய நாட்டுத் தொகுச்சாயெவு அந்நாட்டுக் கருமண்ணைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். மண் என்பது பாறையின் தூள் மட்டும் அன்று; பாறை, தட்பவெப்பம், உயிரினம், நிலத்தின் மேடுபள்ளம், காலம் ஆகியவை கூடி ஆக்குவது மண் என்பது அவர்வழி நிலைபெற்ற கொள்கை. உருசியக் கருமண்ணின் கருமை புல்லின் மக்கினால் வந்தது. நம் கரிசலின் கருமை அத்தகையதன்று. கோவையில் ஆய்ந்த ஆரிசன், இராமசாமி சிவன் ஆகிய இருவரும் 1912இல் வெளியிட்ட ஆய்வில், தைட்டானியம் கலந்த இரும்புக் கனிமத்தைக் கருமைக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் காட்டினர். களியோடு இறுகப் பிணைந்த சிறிதளவு மக்கே நிறத்துக்குக் காரணம் என்பது பின்னையோர் துணிபு. எவ்வாறாயினும், கரிசலில் உயிர்க்கரி பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவே. கருமையைக் கண்டு வளமிக்கது என எண்ணி எருவிடாமல் உழுதால் அந்நிலம் விரைவில் இளைக்கும். நிறம் ஈண்டு ஏமாற்றும்.

ஒரு பாறை இருமண் ஆன வகைக்கு விடை மேடுபள்ளத்தில் உள்ளது. மேட்டில் மழைநீர் வடிந்து கீழிறங்கும்போது சுண்ணாம்பு, மக்னீசியம், கரையும் மணற்சத்து ஆகியவற்றைக் கரைத்துச் செல்லும். எஞ்சுவது இரும்புத் துருவும் கயோலினைட்டு என்னும் உப்பாத களியும். அதுவே செவல். கரைந்து சென்றவை பள்ளத்தில் தேங்கும். மழை குறைந்து வெயில் மிகுந்த நாட்டில் அவை கடலை அடையாமல் அங்கேயே செறிந்து, மாண்ட்மாரில்லோனைட்டு வகைக் களியாக மாறும். இக்களியின் ஏடுகளுக்கிடையே நீர் புகும்; புகுந்தால் உப்பும்; நீங்கினால் சுருங்கும். அதுவே கரிசல். எஞ்சிய சுண்ணாம்பு கீழே சுக்கான் கற்களாகத் திரளும். கரிசலில் கிணறு தோண்டுவோர் காணும் வெள்ளைச் சுக்கான் மேட்டுநிலத்தின் இழப்பே என்று கூறின் பிழையாகாது. மேட்டு மண்ணும் பள்ளத்து மண்ணும் ஒரு சங்கிலியின் கண்ணிகள் என்னும் இக்கருத்தைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்ந்த மில்னே 1935இல் பெயரிட்டு நிறுவினார். நீர்ப்படிவு என்ற நியூபோல்டின் கருத்தும் முழுவதும் தள்ளத்தக்கதன்று. தாழ்ந்த இடங்களில் ஓடைகள் கொணர்ந்த கருவண்டலும் கரிசலோடு சேர்ந்துள்ளது.

1960இல் அமெரிக்க மண்ணூலார் வகுத்த புதிய பாகுபாட்டில் இவ்வகை மண் 'வெர்ட்டிசால்' எனப்பட்டது. திரும்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. கோடையில் வெடிப்பினுள் மேல்மண் உதிர்ந்து விழ, மழையில் கீழ்மண் உப்பி மேலெழும். நிலம் தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும். நிறத்தை விட்டுச் செயலைப் பெயராக்கிய இப்பாகுபாட்டை, உழவர் கரிசல் எனும்போது கருதிய பொருளுக்கு மேனாட்டார் மிக அணுகிய இடமாக யாம் கொள்கின்றோம்.

நிலம் கெடும் வகை

கோவில்பட்டி வட்டாரத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் சில நாள்களில் கொட்டும். நிலம் வெறுமையாகவோ இளம்பயிரோடோ கிடக்கும் காலம் அது. வெடிப்புகள் மூடியபின் கரிசல் நீரை உறிஞ்சும் விரைவு மிகக் குறைவு. ஆதலின் சரிவு சிறிதாயினும் நீர் மண்ணைக் கலக்கிக்கொண்டு ஓடும். செவலில் நீர் எளிதில் இறங்கும். ஆயினும் மேற்பரப்பு இறுகிப்போனால் அங்கும் ஓட்டம் மிகும், மண் மெலிந்து சரளை தலைகாட்டும்.

1983இல் துருவ நாராயணாவும் இராம்பாபுவும் கணித்தபடி, இந்தியாவில் ஓர் எக்டேரிலிருந்து ஆண்டுக்குப் பெயரும் மண் சராசரி 16 டன்னுக்கு மேல். ஓர் எக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 130 டன் எனக் கொண்டால், எட்டு ஆண்டுகளில் ஒரு சென்டிமீட்டர் நீங்கும். அந்த ஒரு சென்டிமீட்டர் உருவாகச் சில நூற்றாண்டுகள் தேவை. எனினும் அவர்கள் கணக்கின் மற்றொரு பகுதி இங்கே மிகவும் வேண்டப்படுவது: பெயர்ந்த மண்ணில் நூற்றுக்கு 29 பங்கு கடலைச் சேர்கின்றது, 10 பங்கு நீர்த்தேக்கங்களில் அடைகின்றது, எஞ்சிய 61 பங்கு ஓரிடம் விட்டு மற்றோரிடத்தில் தங்குகின்றது. இழந்ததில் பெரும்பகுதி தொலைந்து போகவில்லை. ஓடையிலும் கண்மாயிலும் பள்ளக் காட்டிலும் கிடக்கின்றது.

இதனைக் கணக்கின்றியே அறிந்தவர் கரிசல் உழவர். கோடையில் கண்மாய் வற்றியபின் அதன் அடியிற் படிந்த கரம்பையை வெட்டி வண்டியேற்றிக் காட்டிற் பரப்புதல் நெடுங்கால வழக்கம். கரம்பை அடிப்பதை உரமிடுதல் என்றே பலரும் எழுதுவர். அது உரமிடுதல் மட்டும் அன்று. ஓடிய மண்ணை மீட்டுக் கொணர்தலும் ஆகும். அதே செயலால் கண்மாயும் ஆழம் பெறும். செவற்காட்டுக்குக் கரம்பை இட்டால் ஈரம் தங்கும். ஒரு வேலையில் இரு பயன் உண்டாயினமையால்தான் இது ஆணையின்றி நடந்தது.

ஆட்டுக்கிடையும் இவ்வாறே. மந்தையை இரவிற் காட்டில் அடைத்து, நாள்தோறும் இடம் மாற்றி, புழுக்கையும் நீரும் நிலத்திலேயே சேரச் செய்வது கிடை. கி. ராஜநாராயணனின் குறுநாவல் ஒன்று கிடை என்றே பெயர் பெற்றது. உயிர்க்கரி குறைந்த கரிசலுக்கு இதனினும் தக்க மருந்து எளிதிற் கிடைப்பதன்று. பருத்தியோடு உளுந்தும் பாசியும், கம்போடு தட்டையும் கலந்து விதைத்தலும், மழைக்கு முன்னரே புழுதியில் விதைத்து முதல் ஈரத்தைப் பயிர்க்கு ஆக்குதலும் பிற வழக்கங்கள். இவற்றின் நோக்கம் ஒன்றே: பெருமழை விழும்போது நிலம் வெறுமையாக இருத்தல் கூடாது.

அரசும் ஆராய்ச்சியும்

ஆங்கில ஆட்சியின் நிலவரித் திட்டம் மண்ணை ரேகூர், செம்மண், மணல் எனப் பிரித்துத் தரம் இட்டது. தரம் என்னும் சொல் இன்றும் நிலப்பதிவேடுகளில் உள்ளது. அத்தரம் வரிக்காக எழுந்தது, காப்புக்காக எழுந்ததன்று. மேலும் இக்கரிசலிற் பெரும்பகுதி எட்டயபுரம் முதலிய சமீன்களைச் சார்ந்தது. 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே அந்நிலங்கள் இரயத்துவாரிக் கணக்குக்குள் வந்தன.

கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கப்பெற்றது. அதன் முதல் நோக்கம் பருத்தி. கருங்கண்ணிப் பருத்தியின் பல வகைகள் அங்கிருந்து எழுந்தன. பருத்திக்குத் தந்த கவனம் பருத்தியைத் தாங்கும் மண்ணுக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. இலங்காசயர் ஆலைகளின் தேவை நூலிழையின் நீளத்தைக் கேட்டது. மண்ணின் ஆழத்தைக் கேட்கவில்லை.

நாடு விடுதலை பெற்றபின் நிலக்காப்பு அரசின் பணியாயிற்று. 1954இல் பெல்லாரியிலும் உதகையிலும் மண்காப்பு ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றின. 1959இல் சென்னை மாநிலத்தில் நிலமேம்பாட்டுத் திட்டச் சட்டம் நிறைவேறியது. அக்காலத்து முதன்மையான முறை சமமட்ட வரப்பு. சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரப்பிட்டு ஓடும் நீரைத் தடுத்தல் அதன் கருத்து. செவலில் அது பயன் தந்தது; தடுத்த நீர் நிலத்தினுள் இறங்கிற்று. ஆழ்ந்த கரிசலில், இந்தியாவின் பல பகுதிகளிலும், அது தவறிற்று. தடுத்த நீர் இறங்காமல் வரப்பை ஒட்டித் தேங்கிப் பயிரை அழுகச் செய்தது. கோடையில் வரப்பே வெடித்தது. அடுத்த மழையில் அவ்வெடிப்பு வழியே நீர் துளைத்து ஓரிடத்தில் உடைத்தது. பரந்து ஓடியிருக்கவேண்டிய நீர் ஒருங்கு பாய்ந்ததால் ஓடை பிறந்தது. காக்க எழுப்பிய கரையே அரிப்புக்கு வாயில் ஆயிற்று.

இப்பிழை ஏன் நிகழ்ந்தது என்பதே எமக்கு முதன்மையான வினா. பொறியாளரின் திறமைக்குறைவு எனக் கூறுதல் முறையன்று. அவர்கள் சரிவை அளந்தனர், மழையை அளந்தனர். செவலையும் கரிசலையும் ஒரே வகைப் புன்செய் எனக் கொண்டமையே தவறு. உழவரிடம் இரு சொல் இருந்தன. திட்டத்தில் ஒரு சொல்லே இருந்தது.

1971இல் கோவில்பட்டி நிலையம் அனைத்திந்திய மானாவாரி ஆராய்ச்சித் திட்டத்தின் ஒரு மையமான பின் நிலைமை மாறியது. பெருவரப்புக்கு மாறாக, பருவமழைக்கு முன் காட்டை எட்டு மீட்டர்க்கு ஐந்து மீட்டர் போன்ற சிறு பாத்திகளாகப் பிரித்து, விழுந்த இடத்திலேயே மழையை நிறுத்தும் பகுதிவரப்பு முறை கரிசலுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு பாத்தி உடைந்தாலும் கேடு சிறிதே. மிகுந்த நீரைப் புல் வளர்ந்த வாய்க்கால் வழியே மெல்ல வடித்துப் பண்ணைக்குட்டையிற் சேர்த்தல், அகன்ற மேட்டுப்பாத்தியும் சாலும் அமைத்தல், வரப்பில் கொழுக்கட்டைப் புல் வளர்த்தல் ஆகியனவும் உடன்சேர்ந்தன. புழுதி விதைப்பையும் அந்நிலையம் ஆய்ந்து, விதையைக் கடினப்படுத்தி விதைக்கும் முறையாகச் செப்பமாக்கியது. உழவர் வழக்கு ஆராய்ச்சியின்வழி உழவர்க்கே மீண்டது.

இற்றை நிலை

கிடை அரிதாகிவிட்டது. மாடு குறைந்து இழுவை இயந்திரம் மிகுந்தமையால், சரிவுக்குக் குறுக்கே உழுவதினும் காட்டின் நீளப்போக்கில் உழுவதே எளிதாயிற்று. பல காடுகளில் கலப்புப் பயிர்க்கு மாறாக மக்காச்சோளம் தனித்து நிற்கின்றது. உழவு கைவிடப்பட்ட நிலங்களில் 1870களில் இந்தியாவுக்குக் கொணரப்பட்ட சீமைக்கருவேல் அடர்ந்துள்ளது. நிலம் கெட்டமைக்கு இம்மரமே காரணம் எனப் பலர் கூறுவர். யாம் அவ்வாறு கருதவில்லை. உழவன் நீங்கிய பின்னரே மரம் வந்தது. ஆயினும் அவன் மீண்டு வருவதை அது அரிதாக்குகின்றது என்பது உண்மை.

2017இல் குடிமராமத்துப் பணி மீண்டும் தொடங்கப்பெற்றபோது, கண்மாய் வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துச்செல்ல வழிசெய்யப்பட்டது. கரம்பை அடித்தல் இவ்வாறு அரசாணைக்குரிய செயலாயிற்று. அவ்வண்டலை ஆய்வு செய்யாது இடுதல் தீது. சில கண்மாய்களில் படிந்தது களர்த்தன்மை மிக்கதாக இருத்தல் கூடும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. கோவில்பட்டி ஓராண்டிற் பெறும் அளவினும் அது மிகுதி. மாவட்டத்துக் குளங்கள் பல உடைந்தன. அத்தகைய மழைக்கு எப்பாத்தியும் முழுக்காப்பு ஆகாது. எனினும், மேட்டுநிலம் நீரை எவ்வளவு தாங்கி மெல்ல விட்டது என்பதைப் பொறுத்தே கீழுள்ள கரையின் சுமை கூடும் அல்லது குறையும்.

கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்த ஒருவர், பல்கலைக்கழகங்கள் செய்திருக்கவேண்டிய பணியைச் செய்தார். 2021இல் அவர் மறைந்தார். அவ்வகராதி ஓர் வாயில்; மண்பெயர்கள் மட்டும் தனியே தொகுக்கப்படவில்லை. தமிழ்த்துறை மாணவர்க்கு இதில் இரு மூலங்கள் உள. ஒன்று, முதிய உழவர் நா. மற்றொன்று, பழைய நில ஆவணங்கள். கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை கூறுமிடத்து, இன்னார் செவக்காட்டுக்கு மேற்கு, இன்ன ஓடைக்குக் கிழக்கு, இன்ன கரிசற்காட்டுக்குத் தெற்கு என எழுதும் வழக்கு இருந்தது. அளவை எண் வந்தபின் அது சுருங்கிற்று. ஓர் ஊரின் பத்திரங்களைத் திரட்டி, அவ்வெல்லைகளை இன்றைய அளவைப் படத்தின்மேல் குறித்தால், எந்தக் காட்டில் செவல் முடிந்து கரிசல் தொடங்குகின்றது என்பது புலனாகும். இடைசெவலிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.